ஹெகெமோனியா

வல்லரசு அரசியல் கட்டுரைகளில் ‘மேலாதிக்கம்’ என்று நாம் எழுதுவதன் மூலமான கிரேக்க ‘ஹெகெமோனியா’வில் முதலில் வசைத்தொனி கிடையாது. முன்னே நடத்திச் செல்லுதல் என்ற வினையிலிருந்து பிறந்தது அது. ‘ஹெகெமோன்’ என்றால் வழிகாட்டி, படைத்தலைவன். பாரசீகரை எதிர்க்க கி.மு. 478-477இல் டெலோஸ் கூட்டணி அமைந்தபோது நகரங்கள் ஏதென்ஸுக்கு விரும்பிக் கொடுத்தது இந்தத் தலைமையைத்தான். பிறகு, விலக முயன்ற நக்சோஸும் தாசோஸும் முற்றுகையில் பணிந்தன, கி.மு. 454இல் கூட்டணியின் கருவூலமே ஏதென்ஸுக்குப் போயிற்று. இந்த வளர்ச்சி ஸ்பார்ட்டாவுக்கு ஊட்டிய அச்சமே கி.மு. 431 முதல் 404 வரை நீண்ட பெலோப்பொனேசியப் போரின் மெய்க்காரணம் என்பது கிரேக்க வரலாற்றாசிரியர் தூசிடிடீஸின் முடிவு.

அப்படியானால் மேலாதிக்கம் பொருத்தம்தானே என்று கேட்கலாம். பொருத்தம்தான், ஆனால் வேறொரு சொல்லுக்கு. அடக்கி ஆளும் அந்த நிலைக்குக் கிரேக்கரிடம் ‘ஆர்க்கே’ இருந்தது. இரண்டும் சில இடங்களில் கலந்தே வழங்கின என்பது உண்மை. கைரோனியாப் போரில் கிரேக்க நகரங்களை வாளால் வென்ற மாசிடோனிய மன்னன் பிலிப்பும், பிறகு அவற்றைச் சேர்த்து அமைத்த கொரிந்துக் கூட்டணியில் ‘ஹெகெமோன்’ என்றே பட்டம் சூடினான். ஆனால், கொடுங்கோலைத் தலைமை என்று அழைப்பது ஆள்பவர்களுக்கு வசதி. அந்த வசதியை வரலாற்று நூல்கள் ஏற்க வேண்டியதில்லை. பண்டைக் கிரேக்கத்தைப் பற்றி எழுதும்போது ஹெகெமோனியாவுக்குக் ‘கூட்டணித் தலைமை’ என்பதே சரி. மேலாதிக்கத்தை ஆர்க்கேவுக்கு விட்டுவிடலாம்.