சுளுக்கும் பனிக்கட்டியும்

பள்ளி விளையாட்டுப் போட்டியன்று ஓட்டப் பந்தயத்தில் மாணவன் ஒருவன் கணுக்கால் பிசகி வீழ்கின்றான். உடனே ஆசிரியர் பனிக்கட்டி கொண்டுவர ஆளனுப்புகின்றார். பனிக்கட்டி எதற்கென்று வினவினால், "வலி அடங்கும், காயமும் விரைவில் ஆறும்" என்று விடை வரும். இவ்விடையின் முற்பாதி உண்மை. பிற்பாதிக்கோ உறுதியான சான்றில்லை. வலியை அடக்குதல் ஒன்று. காயத்தை ஆற்றுதல் மற்றொன்று. இவ்விரண்டும் ஒன்றெனக் கருதப்பட்டது எவ்வாறு என்பதை ஈண்டு வரலாற்று முறையில் காண்போம்.

கிரேக்க மருத்துவத்தின் தந்தை எனப் போற்றப்படும் ஹிப்பாக்கிரட்டீஸ் கி.மு. 5-ஆம் நூற்றாண்டில் பிறந்தவர். அவர் பெயரால் வழங்கும் மருத்துவ முதுமொழித் தொகுப்பில், புண்ணில்லாத மூட்டு வீக்கத்திற்கும் சுளுக்கிற்கும் குளிர்ந்த நீரை மிகுதியாக ஊற்றும் முறை கூறப்பட்டுள்ளது. வீக்கம் குறையும் என்பதோடு, உணர்வு அளவாக மரத்துப்போவதால் வலி நீங்கும் என்னும் காரணமும் அங்கே காட்டப்பெறுகின்றது. குளிர்ச்சி எலும்புக்கும் நரம்புக்கும் பகை என்னும் எச்சரிக்கையும் அதே தொகுப்பில் உண்டு. பண்டை மருத்துவர் அதன் நலத்தையும் எல்லையையும் ஒருங்கே எண்ணினர் என்பது இதனால் விளங்கும்.

குளிரின் ஆற்றலைப் போர்க்களத்தில் கண்டவர் நெப்போலியனின் படை மருத்துவர் டொமினிக் லாரி. 1807 பிப்ரவரியில் கிழக்குப் பிரஷ்யாவின் ஐலோ என்னுமிடத்தில் உறைபனிக்கிடையே கடும்போர் நிகழ்ந்தது. மயக்க மருந்து அறியப்படாத அக்காலத்தில், குளிரில் விறைத்த கைகால்களை அறுத்தெடுத்தபோது வீரர்கள் வலியை மிகுதியாக உணராதிருந்ததை அவர் குறித்து வைத்தார். பின்னர் இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் ஜேம்ஸ் ஆர்னட் என்னும் மருத்துவர், நொறுக்கிய பனிக்கட்டியோடு உப்பைக் கலந்து நோயுற்ற இடத்தில் வைத்து வலி தணித்தார். அதற்கென அவர் அமைத்த கருவி 1851-இல் இலண்டன் மாபெரும் பொருட்காட்சியில் இடம்பெற்றது.

விளையாட்டுக் காயங்களுக்குக் குளிர்ச்சியைப் பயன்படுத்தியவருள் குறிப்பிடத்தக்கவர் ஹான்ஸ் கிராவுஸ். வியன்னாவில் தொழில் புரிந்து, பின் அமெரிக்காவில் குடியேறிய இவர், எத்தில் குளோரைடு என்னும் நீர்மத்தைச் சுளுக்கின்மேல் தெளிப்பார். அது நொடியில் ஆவியாகித் தோலைக் குளிர்விக்கும். வலி அடங்கியதும் உறுப்பை மெல்ல அசைக்கச் செய்வார். அசைவே மருந்து, குளிர்ச்சி அதற்கு வழிதிறப்பது என்பதே இம்முறையின் உட்கருத்து. 1941-இல் இதனை அவர் மருத்துவ இதழில் வெளியிட்டார்.

எனினும் மக்கள் மனத்தில் பதிந்தது அசைவன்று, பனிக்கட்டியே. அமெரிக்கப் பேஸ்பால் வீரர் சாண்டி கோஃபாக்ஸ், ஆட்டம் முடிந்தபின் தம் இடது முழங்கையைப் பனிநீரில் அமிழ்த்தியிருப்பார். மூட்டு அழற்சியுற்ற அக்கையோடு 1965-இல் 26 ஆட்டங்களையும், 1966-இல் 27 ஆட்டங்களையும் வென்று, அவ்வாண்டின் இறுதியில் 30 வயதிலேயே ஓய்வு பெற்றார். மருந்துகளும் பனிநீரும் அவரைத் தொடர்ந்து ஆடச் செய்தன. ஆனால் மூட்டைச் செப்பனிடவில்லை.

1978-இல் அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கின், ஓய்வு, பனிக்கட்டி, அழுத்திக் கட்டுதல், உயர்த்தி வைத்தல் ஆகிய நான்கின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து 'ரைஸ்' என்னும் சொல்லை அமைத்தார். அரிசியைக் குறிக்கும் எளிய சொல்லாதலின் அது உலகெங்கும் பரவியது. நூற்பாவின் வலிமையைத் தமிழாசிரியர் நன்கறிவர்; நெஞ்சில் நிற்பது எளிது, நீக்குவது அரிது.

2014-இல் அவரே தம் கருத்தைத் திருத்திக்கொண்டார். காயம்பட்ட இடத்திற்குக் குருதியின் வெள்ளணுக்கள் விரைந்து, சிதைந்தவற்றை அகற்றித் திசு வளர்ச்சியைத் தூண்டும் பொருள்களைச் சுரக்கின்றன. நாம் பகையெனக் கருதும் அழற்சி, உடல் தன்னைச் செப்பனிடும் பணியின் தொடக்கமே. குளிர்ச்சியோ குருதிக் குழாய்களைச் சுருக்கி அப்பணியைத் தாமதப்படுத்தக்கூடும். ஆகவே பனிக்கட்டியும் முழு ஓய்வும் குணமாவதற்குத் தடையாகலாம் என்று அவர் எழுதினார். 2019-இல் கனடா நாட்டு வல்லுநர் இருவர் வகுத்த 'அமைதியும் அன்பும்' என்னும் புதிய நெறியில் பனிக்கட்டிக்கு இடமேயில்லை.

இதனால் பனிக்கட்டியை அறவே ஒதுக்க வேண்டுமென்பதில்லை. வலி தாளாத மாணவனுக்கு அதனைத் துணியில் சுற்றிப் 10 நிமிடம் வைத்து எடுக்கலாம். 20 நிமிடம் இடைவெளி விட்டு, வேண்டின் மீண்டும் ஓரிரு முறை வைக்கலாம். 6 மணி நேரத்திற்குப் பின் அதனால் பயனில்லை என்பது மிர்கின் கருத்து. எலும்பு முறிவு என ஐயுற்றால் மருத்துவரிடம் அனுப்புதலே முறை. வலி நின்றதைக் கண்டு, காயம் ஆறிற்றெனக் கருதி அம்மாணவனை மீண்டும் ஓடவிடுதல் பெரும்பிழை.

36 ஆண்டுகள் உலகம் ஓதிய தம் வாய்பாட்டைப் பிழையெனக் கண்டதும் திருத்த முன்வந்த மருத்துவரின் நேர்மை, கற்பிக்கும் தொழிலில் உள்ள நமக்கும் உரியதன்றோ?