மூலைப்பொழியிலிருந்து வராத கணினி

சென்ற வாரம் தையல் மெஷினோடு நிறுத்தியிருந்தேன். 1877இல் சிங்கர் இலங்கைக்கு வந்தபோது இந்த மலைகளில் கோப்பிதான் நின்றது. இலைநோய் அதைத் தின்றுகொண்டிருந்தது, தேயிலை அப்போதுதான் தலைகாட்டத் தொடங்கியிருந்தது. கோப்பி போனது, தேயிலை வந்தது, வெள்ளைக்காரத் துரை போனார், கம்பெனித் துரை வந்தார். சிங்கர் கடை மட்டும் போகவில்லை. மெஷினைச் செய்ததைவிட, அதைத் தவணைக்குக் கொடுக்கக் கற்றதுதான் அந்த நிறுவனத்தின் பலம் என்று சொல்லியிருந்தேன். இன்று அதே மாதிரிக் கடைகளில் தையல் மெஷினுக்குப் பக்கத்திலேயே மடிக்கணினியும் இருக்கிறது. ஆகவே இந்த வாரம் கணினி.

எங்கள் வீட்டுக்கு அது 2002இல் வந்தது. அப்பா தோட்ட வேலையிலிருந்து நின்றதும் கைக்கு வந்த ஈ.பி.எஃப். காசில் ஒரு பங்கை எடுத்து, "இதுல நீ அந்தப் பொட்டிய வாங்கிக்க" என்றார். கொழும்புக்குப் போய் பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் ஏறி இறங்கினேன். சின்னச் சின்னக் கடைகள், கண்ணாடிக்குள்ளே பச்சைப் பலகைகள். ஒரு பையன் என் கண்முன்னாலேயே திருகாணிகளை முடுக்கி அரை மணித்தியாலத்தில் ஒரு கணினியைப் பூட்டிக் கொடுத்தான். பெயர் எதுவும் இல்லாத பெட்டி. அதை ரயிலில் ஏற்றி, தலவாக்கலையில் இறங்கி, அக்கரப்பத்தனை பஸ்ஸில் மொனிட்டரை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பஸ் நின்ற இடத்தில் மழை. அம்மா தன் படங்கை அவிழ்த்து மொனிட்டரின் மேல் போர்த்தினார். தான் நனைந்துகொண்டே லயம்வரை நடந்தார்.

மாலை ஆறு மணிக்கு லயத்தில் எல்லாக் காம்பிராவிலும் விளக்கு எரியத் தொடங்கும்போது மின்சாரம் தாழும், திரையிலுள்ள படமும் நான்கு பக்கமும் சுருங்கும். அது ஏன் என்று பார்க்கத்தான் ஒருநாள் பக்கத்துத் தகட்டைக் கழற்றினேன். மூலப்பலகை தாய்வான், வன்தட்டு மலேசியா, மொனிட்டர் கொரியா. ஒவ்வொன்றிலும் ஒரு ஊர்ப் பெயர் ஒட்டியிருந்தது. அன்றிலிருந்து எனக்குள் ஒரு கேள்வி. தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்குச் சுமார் 30 கிலோமீட்டர். நம் பாட்டன் பூட்டன் வந்த வழி அது. அந்தக் கரையில் ஒரு தமிழர் கணினி செய்தார், இந்தியாவின் முதல்வரிசைக் கணினி நிறுவனமாக அதை வளர்த்தார். அந்தப் பெட்டி ஏன் ஒருநாளும் அக்கரப்பத்தனையில் என் கண்ணில் படவில்லை?

அந்தத் தமிழர் சிவ் நாடார். திருச்செந்தூருக்குப் பக்கத்தில் மூலைப்பொழி என்ற கிராமத்தில் 1945இல் பிறந்தவர். 'தினத்தந்தி'யைத் தொடங்கிய சி.பா. ஆதித்தனார் அவருக்குத் தாய்மாமன். கோயம்புத்தூர் பி.எஸ்.ஜி. கல்லூரியில் மின்னியல் படித்து, புனேயில் வேலை பார்த்து, டெல்லியில் டி.சி.எம். நிறுவனத்தின் கணிப்பான் பிரிவுக்குப் போனார். அங்கேயிருந்து அர்ஜுன் மல்ஹோத்ரா, அஜய் சௌத்ரி முதலான நண்பர்களோடு வெளியேறி, டெல்லியில் ஒரு வீட்டின் மொட்டைமாடி அறையில் தொழிலைத் தொடங்கினார். எல்லாரும் சேர்ந்து போட்ட முதல் 1,87,000 ரூபாய். முதலில் கணிப்பான் விற்றுக் காசு சேர்த்தார்கள். பிறகு உத்தரப் பிரதேச அரசின் மின்னணுக் கூட்டுத்தாபனம் 26 சதவீதப் பங்குக்கு இணங்கியது. 1976 ஆகஸ்டில் ஹிந்துஸ்தான் கம்பியூட்டர்ஸ் லிமிடெட், சுருக்கமாக எச்.சி.எல்., பிறந்தது. அதே ஆண்டு ஏப்ரலில் கலிபோர்னியாவில் ஆப்பிள் பிறந்திருந்தது. இரண்டுக்கும் வயது வித்தியாசம் நாலு மாதம்.

அடுத்த ஆண்டுதான் இந்தக் கதையின் முடிச்சு. 1977இல் பாக்கு நீரிணையின் இரு கரையிலும் ஆட்சி மாறியது. டெல்லியில் ஜனதா அரசு. தொழில் அமைச்சர் ஜார்ஜ் பெர்னாண்டஸ், 1973ஆம் ஆண்டு அந்நியச் செலாவணிச் சட்டத்தை எடுத்துக் காட்டி, வெளிநாட்டுக் கம்பெனிகள் தங்கள் பங்கை 40 சதவீதமாகக் குறைக்கவேண்டும் என்றார். வெளிநாடுகளில் தேய்ந்துபோன 1401 ரகக் கணினிகளை இந்தியாவில் வாடகைக்கு விட்டுவந்த ஐ.பி.எம். அதற்கு இணங்காமல் 1978இல் நாட்டைவிட்டே போனது. கொழும்பில் ஜே.ஆர். ஜெயவர்தன அரசு. அது இறக்குமதிக்குக் கதவைத் திறந்துவிட்டது. அதே 1977 ஆகஸ்டில் நடந்த இனக்கலவரத்தில் நம் சனங்கள் அடிபட்டு ஓடிய கதையை இந்தத் தொடரில் முன்பே எழுதிவிட்டேன்.

அங்கே கதவு மூடிய வீட்டுக்குள் பிள்ளைகள் தாமே சமைக்கக் கற்றார்கள். 1978இல் எச்.சி.எல். தன் 8சி கணினியைக் கொண்டுவந்தது. ஐ.பி.எம். தன் தனியாள் கணினியை வெளியிட இன்னும் மூன்று ஆண்டு இருந்தது. வங்கிகளும் தொழிற்சாலைகளும் அரசு அலுவலகங்களும் வாங்கின. இங்கே, அரச பொறியியல் கூட்டுத்தாபனம் 1967இலேயே நாட்டின் முதல் கணினியை நிறுவியிருந்தும், 1977க்குப் பிறகு கணினி என்பது கப்பலில் வந்து இறங்கும் சாமானாகவே ஆனது. முகவர்கள் பெருகினார்கள். செய்பவர் அப்படிப் பெருகவில்லை. திறந்த கதவால் நமக்குக் கிடைத்த நன்மை பெரியது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் வாங்குபவராகவே வளர்ந்தோம் என்பதும் உண்மை.

1984 நவம்பரில் ராஜீவ் காந்தி அரசின் புதிய கணினிக் கொள்கை வந்தது. உரிமக் கெடுபிடி தளர்ந்தது. எச்.சி.எல். ஆட்கள் வெளிநாட்டுக் கணினிகளைக் கொண்டுவந்து அக்கக்காகப் பிரித்துப் படித்து, சில வாரங்களில் தங்கள் 'பிஸிபீ' கணினியைச் செய்துவிட்டார்கள். படிக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கும் இடம் இது. யூனிக்ஸ் இயங்குதளத்தை அவர்கள் கையாண்ட விதம் அமெரிக்காவிலும் பேசப்பட்டது. அறிவில் குறைவிருக்கவில்லை.

குறைந்தது வேறு. 1991இல் இந்தியாவும் கதவைத் திறந்தது. எச்.சி.எல். அமெரிக்காவின் ஹியூலெட் பாக்கார்டோடு கூட்டுச் சேர்ந்தது, 1997இல் பிரிந்தது. அதே 1997இல் இந்தியா உலக வர்த்தக அமைப்பின் தகவல் தொழில்நுட்ப உடன்படிக்கையில் கையெழுத்திட்டு, கணினி மீதான சுங்க வரியை 2005க்குள் பூச்சியமாக்க ஒப்புக்கொண்டது. முழுக் கணினிக்கு வரி இல்லை, உள்ளே போகும் சில பாகங்களுக்கும் மூலப்பொருளுக்கும் வரி இருந்தது. உள்ளூரில் பூட்டுகிறவனுக்கு எதிராகத் தராசே சாய்ந்துவிட்டது.

பாகங்கள் எல்லாம் தாய்வானிலும் சீனாவிலும் விளைந்தன. உலகம் முழுவதற்கும் ஒரே தரத்தில் பத்து லட்சம் பலகை வாங்குபவருக்கு ஒரு விலை, இந்தியாவுக்கு மட்டும் ஒரு லட்சம் வாங்குபவருக்கு வேறு விலை. கொழுந்து கிலோ கணக்கில் நிறுக்கப்படும் ஊர்க்காரருக்கு இது உடனே புரியும். தேயிலைத் தொழிற்சாலையின் சுவரும் கூரையும் யாருடையதாகவும் இருக்கலாம், கொழுந்து இல்லாமல் அது ஓடாது. புதுச்சேரி சேதராப்பட்டில் எச்.சி.எல். நல்ல தொழிற்சாலை வைத்திருந்தது. கொழுந்து அதன் கையில் இல்லை.

சந்தையில் இடமும் இருந்தது. 2000களின் முதற்பாதியில் இந்தியாவில் அதிகம் விற்ற கணினிகளில் எச்.சி.எல். முன்வரிசையில் நின்றது. 2005இல், பத்தாயிரம் ரூபாய்க்குள் கணினி வேண்டும் என்று மத்திய அமைச்சர் தயாநிதி மாறன் வலியுறுத்திவந்த நேரத்தில், 9,990 ரூபாய்க்கு ஒன்றைக் கொண்டுவந்தது. ஏழை வீட்டுக்கும் கணினி போகவேண்டும் என்ற நோக்கத்தை நான் கைகூப்பி வணங்குகிறேன். ஆனால் அந்த விலையில் பெட்டிக்கு எத்தனை ரூபாய் மிஞ்சியிருக்கும்?

குழுமத்தில் கணினி செய்துவந்த எச்.சி.எல். இன்போசிஸ்டம்ஸின் ஆண்டு விற்பனை ஒரு கட்டத்தில் பத்தாயிரம் கோடி இந்திய ரூபாயைத் தாண்டியது. பெரிய தொகைதான். அதன் பெரும்பகுதி கணினியில் வந்ததல்ல, நோக்கியா கைத்தொலைபேசிகளை வாங்கி இந்தியா முழுதும் கடைகளுக்குப் பிரித்துக் கொடுத்ததில் வந்தது. பிறர் சரக்கை ஏற்றி இறக்கும் வேலை. நோக்கியா பிறகு அந்த வேலையில் ஒரு பங்கைத் தானே எடுத்துக்கொண்டது, பின்னர் நோக்கியாவே சரிந்தது. கணக்குப் புத்தகத்தில் மொத்த விற்பனையைப் பார்த்து மகிழ்ந்துவிடக்கூடாது என்று என் சின்னய்யா சொல்வார். தோட்டத்துக் கூட்டுறவுக் கடையில் இருபது வருடம் நின்றவர் அவர்.

எச்.சி.எல். ஆட்கள் சொந்தக் கடைகளும் திறந்து பார்த்தார்கள், 'டிஜிலைஃப்' என்ற பெயரில். சென்னை ரிச்சி தெருவில் எங்கள் யூனிட்டி பிளாசாவைப் போலவே பெயரில்லாப் பெட்டி மலிவாகக் கிடைத்தது. பெரிய வணிக வளாகங்களில் டெல், ஏசர், லெனோவா எல்லாம் ஒரே மேசையில் அடுக்கியிருந்தன. ஒரு நிறுவனத்தின் சொந்தக் கடைக்கு ஒருவன் தேடி வரவேண்டுமானால், வேறெங்கும் கிடைக்காத ஒன்று அங்கே இருக்கவேண்டும்.

அந்த நாலு மாத மூத்த பிள்ளையின் கதையை இங்கே வைத்துப் பார்க்கலாம். ஆப்பிள் 1997ஆம் நிதியாண்டில் நூறு கோடி டாலருக்கு மேல் நட்டப்பட்டது. 2001 மே 19இல் அமெரிக்காவில் இரண்டு சொந்தக் கடைகளைத் திறந்தபோது, உலகக் கணினிச் சந்தையில் அதன் பங்கு நூற்றுக்கு ஐந்துகூட இல்லை. கடை மூடப்படும் என்று சொன்னவர்கள் பலர். அப்படிச் சொல்லக் காரணமும் இருந்தது. கேட்வே என்ற இன்னொரு கணினி நிறுவனம் ஊர் ஊராய்க் கடை திறந்து தள்ளாடிக்கொண்டிருந்தது, மிச்சமிருந்த 188 கடைகளையும் 2004இல் மூடியது. ஆப்பிள் கடைகள் நிலைத்தன. கடைக்குள் இருந்த பொருளின் வடிவமும் மென்பொருளும் அதனுடையவை, வேறொருவரிடம் அதே பொருள் இல்லை. ஐபாட், பிறகு ஐபோன். கணினிச் சந்தையில் சிறுபங்கோடேயே உலகத்தின் பெரும் லாபக்காரனானது. அந்த ஐபோன்கள் இன்று பூட்டப்படும் இடங்களில் ஒன்று ஸ்ரீபெரும்புதூர். நம் தமிழ்ப் பெண்பிள்ளைகளின் விரல்கள்தான் அங்கேயும். கொழுந்து கிள்ளும் விரலும் திருகாணி முடுக்கும் விரலும் ஒரே சாதி விரல் என்று எனக்கு அடிக்கடி தோன்றும். இரண்டிலும் விலையை வேறு யாரோ எங்கோ இருந்து எழுதுகிறார்கள்.

2013இல் எச்.சி.எல். இன்போசிஸ்டம்ஸ் கணினி தயாரிப்பைக் கைவிட முடிவு செய்தது. எச்.சி.எல். பிறந்து முப்பத்தேழு ஆண்டு. தமிழ்நாட்டில் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவச மடிக்கணினி கொடுக்கும் திட்டம் தொடங்கி அப்போது இரண்டு ஆண்டுதான் ஆகியிருந்தது என்பதை நினைத்தால் மனம் கனக்கிறது. தேவை இவ்வளவு இருந்த இடத்தில் செய்பவன் இல்லாமல் போனான்.

சிவ் நாடார் தோற்றார் என்று இதற்குப் பொருள் இல்லை. மென்பொருளுக்கென்று தனியே வளர்த்த எச்.சி.எல். டெக்னாலஜிஸ், 2024 மார்ச்சில் முடிந்த ஆண்டில் 1,300 கோடி டாலருக்கு மேல் வருமானம் காட்டியது. மதுரையிலும் அதற்குப் பெரிய வளாகம் உண்டு. பெட்டியைச் செய்யக் கற்ற கைகள் பெட்டிக்குள் ஓடும் அறிவை விற்கப் போயின. அங்கே சுங்க வரி இல்லை, கப்பல் கூலி இல்லை. 2020இல் அந்த நிறுவனம் கொழும்பிலும் அலுவலகம் போட்டது. மூலைப்பொழிக்காரரின் பெட்டி கடலைத் தாண்டவில்லை, வேலை தாண்டி வந்தது.

ஆனால் அந்த வேலைக்குப் போக ஒரு பிள்ளைக்கு முதலில் பெட்டி வேண்டும். நகரம், கிராமம், தோட்டம் என்று அரசாங்கம் கணினி அறிவைக் கணக்கெடுக்கும் போதெல்லாம் தோட்டம்தான் கடைசியில் நிற்கிறது. கொரோனாக் காலத்தில் சிக்னல் தேடித் தேயிலை மலையுச்சியில் குடை பிடித்துக்கொண்டு பாடம் கேட்ட பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். ஒரு வீட்டில் ஒரு போன், மூன்று பிள்ளை.

போன மாதம் எங்கள் லயத்தில் ஒரு பிள்ளைக்கு மடிக்கணினி எடுத்தோம். உயர்தரத்தில் தொழில்நுட்பம் படித்து, வளாகத்துக்குத் தெரிவானவள். சம்பள நாளுக்கு மறுநாள் அவளும் அவளுடைய அப்பாவும் நானும் ஹட்டனுக்குப் போனோம். கடையில் தவணைக்கு இரண்டு பேர் பிணை நிற்கவேண்டும் என்றார்கள். நாட்சம்பளக்காரரின் கையெழுத்து மட்டும் போதாது, மாதச் சம்பளக்காரர் ஒருவரும் வேண்டும் என்றார்கள். ஒரு கையெழுத்து என்னுடையது. இன்னொன்றுக்கு ஹட்டன் பாடசாலையில் படிப்பிக்கும் என் நண்பரைப் போனில் கூப்பிட்டேன். இடைவேளையில் ஓடி வந்து போட்டுவிட்டுப் போனார்.

பஸ்ஸில் அவள் பெட்டியை மடியில் வைத்திருந்தாள். அடியைத் திருப்பி ஸ்டிக்கரைப் படித்துவிட்டு, "சீனாவுல செஞ்சதாம் சேர்" என்றாள். மழை தூறத் தொடங்கியது. அவள் அப்பா தன் கோட்டைக் கழற்றி அதன்மேல் போட்டார்.

(தொடரும்)