சிறுகதையின் முடிச்சு

சிறுகதைக்கு உயிர் தருவது போராட்டம். 1915-ஆம் ஆண்டு ‘விவேகபோதினி’யில் வெளிவந்த வ. வே. சு. ஐயரின் ‘குளத்தங்கரை அரசமரம்’ இதற்குத் தக்க சான்று.

1906-இல் சென்னையில் அர்பத்நாட் கம்பெனி முறிந்தது. கதையில் ருக்மிணியின் தந்தை பொருளிழப்பது அம்முறிவினால்தான். புகுந்த வீட்டார் அவளை ஒதுக்கி, மகனுக்கு மறுமணம் பேசுகின்றனர். இதுவே முடிச்சு. கணவன் நாகராஜன் உடன்படுவதுபோல் நடிக்கிறான். தன் உள்ளக் கருத்தை அவளிடமும் மறைக்கிறான். அவன் உண்மையை உரைக்குமுன் ருக்மிணி குளத்தில் உயிர் துறக்கிறாள்.

மாமியாரை மட்டும் பழித்தல் போதாது. பணம் முடிச்சிட்டது, மௌனம் அதனை இறுக்கியது. ஆதலின், “கெட்டவர் யார்?” என்று கேட்பதினும், “எது எதனைத் தடுத்தது?” என்று கேட்டுப் படியுங்கள் என்பேன். கதையின் அமைப்பு தானே விளங்கும்.