பீடம் விட்டு மேடைக்கு

அரசியல் அரங்குக்கு வருவோர் வெறுங்கையோடு வருவதில்லை. வழக்கறிஞர் வாதத் திறமையோடு வருகிறார். ஆலை முதலாளி பணப்பேழையோடு வருகிறார். நடிகர் நாடறிந்த முகத்தோடு வருகிறார். மதகுரு வருகிறாரே, அவர் கொண்டுவருவது என்ன? அங்கி! அந்த அங்கிக்குப் பின்னே, கேள்வி எழுப்பாமல் தலைதாழ்த்திப் பழகிய ஒரு கூட்டமும் வருகிறது. வழக்கறிஞர் பேசினால் மக்கள் எடைபோடுவர். முதலாளி பேசினால் ஐயுறுவர். நடிகர் பேசினால் கைதட்டிக் கலைவர். குரு பேசினாலோ, கேட்பது கட்சிக்காரர் பேச்சா, கடவுளின் கட்டளையா என்று பிரித்தறியப் பலரால் இயலுவதில்லை. ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

அங்கி அரசியலில் எதுவரை செல்லும்? யாருக்குப் பயன்படும்? யார் அதைத் தருகிறார்கள், யார் பறிக்கிறார்கள்? இரண்டு வாழ்க்கைகளை எடுத்துக்கொண்டு இதை ஆராய்வோம். ஒன்று கடல் கடந்த பிரேசில் நாட்டில் நடந்தது. மற்றொன்று நமக்கு மிக அருகே, மேற்கு மலைக்கு அப்பால் நடந்தது.

பிரேசில் நெடுங்காலம் கத்தோலிக்கர் நாடாகவே இருந்தது. இன்று அங்கே நால்வரில் ஒருவருக்கு மேல் நற்செய்திச் சபையினர் என்று 2022ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு காட்டுகிறது. அந்த வளர்ச்சியில் பெரும்பங்கு கொண்ட சபைகளில் ஒன்றை 1977இல் ரியோ நகரில் தொடங்கியவர் எடிர் மசேடோ. சேரிகளில் வாழ்ந்த ஏழைகளிடம் நோய் தீரும், கடன் தீரும் என்று கூறி வளர்ந்தது அந்தச் சபை. 1989இல் ஒரு தொலைக்காட்சி நிறுவனத்தையே விலைக்கு வாங்கும் அளவுக்கு அதன் தலைவர் வலிமை பெற்றார். ஆலயம் இருந்தது, அலைவரிசை இருந்தது. ஆட்சி ஒன்றுதான் பாக்கி!

அவருடைய சகோதரியின் மகன் மார்செலோ கிரிவெல்லா. மாமன் கண்ட சபையிலேயே பிஷப், பாடகர், ஆப்பிரிக்காவில் சபைப்பணி ஆற்றியவர். 2002 தேர்தலில் செனட் உறுப்பினரானார். 2012இல் மீன்வளத்துறை அமைச்சர். 2016இல் ரியோ மாநகரின் மேயர்! பீடத்திலிருந்து மேடைக்கு, மேடையிலிருந்து மாளிகைக்கு.

மாளிகையில் அமர்ந்து என்ன செய்தார்? 2018இல் பாதிரிமார்களை மாநகர மாளிகைக்கு அழைத்துப் பேசினார். சபையாருக்குக் கண்புரை அறுவை தேவையா, தம் அலுவலகத்தாரிடம் சொல்லுங்கள், வழி செய்யலாம் என்ற பொருள்பட அவர் பேசியது நாளேட்டில் வெளியாகி நாடே கொதித்தது. பொது மருத்துவமனையின் வாசலில் மாதக்கணக்கில் வரிசையில் நிற்பவன் ஒருவன். சபைச் சீட்டோடு முன்னே செல்பவன் வேறொருவன் என்றால், அது நகராட்சியா, சபையாட்சியா? 2019இல் நூல் கண்காட்சியில், இரு ஆண்கள் முத்தமிடும் படம் கொண்ட ஒரு சித்திரக் கதையை அகற்ற ஆணையிட்டார். உச்ச நீதிமன்றம் குறுக்கிட்டுத் தடுத்தது. 2020 தேர்தலில் ரியோ மக்கள் அவரைத் தோற்கடித்தனர். பதவிக்காலம் முடிய ஒன்பது நாட்கள் இருக்கையில் கையூட்டுக் குற்றச்சாட்டில் கைது செய்யப்பட்டார். குற்றத்தை அவர் மறுத்தார். இரண்டு ஆண்டு கழித்து, 2022இல், மீண்டும் நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். மாநகரம் கைவிட்டாலும் சபை கைவிடவில்லை!

“பிரேசில் எங்கோ இருக்கிறது, நமக்கென்ன?” என்று கேட்கும் தோழர்கள் இருப்பர். பிளவக்கல்லில், கோவிலாற்று அணைக்கரையில் நின்று மேற்கே நோக்கட்டும். வானைத் தொடும் மலை. அந்த மலைக்காட்டைக் கடந்தால் பெரியாற்றுப் பகுதி, குமுளி, அதன் அருகே அமராவதி. அந்த மண்ணில்தான், அங்கி அணிந்த ஒரு அரசியல்வாதியின் வாழ்க்கை தலைகீழாகத் திரும்பியது. அவர் பெயர் ஜோசப் வடக்கன்.

1919இல் திருச்சூர்ப் பகுதியில் பிறந்தவர். கத்தோலிக்க குரு. நாவன்மை மிக்கவர். ‘தொழிலாளி’ என்ற பெயரில் ஏடு நடத்தினார். பெயரைக் கண்டு மயங்கிவிட வேண்டாம். பொதுவுடைமைக் கட்சியை எதிர்ப்பதே அதன் வேலை! கம்யூனிஸ்டு எதிர்ப்பு முன்னணி என்ற அமைப்பையும் அவர் முன்னின்று நடத்தினார். அன்றைய திருச்சபையின் போக்குக்கு இது முற்றிலும் உகந்தது. போப் பன்னிரண்டாம் பத்திநாதர் காலத்தில், 1949இலேயே, பொதுவுடைமைக் கட்சியை ஆதரிப்பது கத்தோலிக்கருக்கு விலக்கு என்று ரோமாபுரி ஆணையிட்டிருந்தது.

1957 ஏப்ரல் 5ஆம் நாள் கேரளத்தில் ஈ. எம். எஸ். நம்பூதிரிபாட் தலைமையில் பொதுவுடைமையர் ஆட்சி அமைந்தது. தேர்தல் வழியே வந்த ஆட்சி. கத்தியின்றி, குருதியின்றி வந்த ஆட்சி. கல்வி அமைச்சர் ஜோசப் முண்டசேரி. அவரும் திருச்சூர்ப் பகுதியைச் சேர்ந்தவர். கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். கல்லூரிப் பேராசிரியராக இருந்தவர். அவர் கொண்டுவந்த கல்விச் சட்டம், ஆசிரியத் தொழிலில் இருக்கும் நம் போன்றோர் ஊன்றிப் படிக்கத்தக்கது. தனியார் பள்ளி ஆசிரியருக்கு அரசே நேரடியாகச் சம்பளம் தரும் என்றது. அரசுத் தேர்வாணையம் தரும் பட்டியலிலிருந்தே ஆசிரியரை அமர்த்த வேண்டும் என்றது. சீர்கெட்ட பள்ளியை அரசு எடுத்து நடத்தலாம் என்றது.

பள்ளி நிர்வாகியின் வாசலில் கைகட்டி நின்று, கையெழுத்திட்ட தொகை ஒன்று, கைக்கு வந்த தொகை வேறொன்று என்ற நிலையில் வாடிய ஆசிரியனுக்கு அது விடுதலைச் சீட்டு. நிர்வாகிகளுக்கோ அது வேட்டு! கல்விக்கூடங்களில் பெரும்பகுதி திருச்சபைகளின் கையிலும், நாயர் சங்கம் போன்ற சாதி அமைப்புகளின் கையிலும் இருந்தது. 1959 ஜூன் 10இல் நிலச் சீர்திருத்தச் சட்டமும் சட்டமன்றத்தில் நிறைவேறியது. பள்ளியும் போகும், நிலமும் போகும் என்ற நிலை வந்ததும், நேற்றுவரை ஒருவரை ஒருவர் நம்பாதவர்கள் ஒரே பந்தலில் கூடினர். நாயர் தலைவர் மன்னத்து பத்மநாபன், மேற்றிராணிமார்கள், காங்கிரசார், முஸ்லிம் லீகினர் யாவரும் ‘விமோசன சமரம்’ என்ற பதாகையின் கீழ் திரண்டனர். விமோசனம் என்றால் விடுதலை. யாருக்கு விடுதலை? எதிலிருந்து விடுதலை?

அந்தக் கிளர்ச்சியின் முன்னணிப் பேச்சாளர்களுள் வடக்கன் ஒருவர். பூசை முடிந்ததும் மேடை. மேடை முடிந்ததும் ஊர்வலம். 1959 ஜூன் 13இல் அங்கமாலியில் போலீசார் சுட்டதில் ஏழு பேர் மாண்டனர். ஆட்சியின் கையில் படிந்த அந்தக் குருதியை நாம் மறைக்கவில்லை. ஜூலை 31இல் மத்திய அரசு அந்த ஆட்சியைக் கலைத்தது. கிளர்ச்சிக் காலத்தில் சொல்லப்படாத மற்றொரு செய்தியும் உண்டு. கேரளத்தில் பொதுவுடைமையரை எதிர்க்க காங்கிரசுக்கு அமெரிக்கப் பணம் தரப்பட்டது என்று, இந்தியாவில் அமெரிக்கத் தூதராக இருந்த மோய்னிஹான் 1978இல் வெளியிட்ட தம் நூலிலேயே எழுதினார். ஆண்டவன் பெயரால் நடந்த போருக்கு டாலரும் துணை வந்தது!

1960 தேர்தலில் காங்கிரசு, பிரஜா சோசலிஸ்டு, முஸ்லிம் லீக் கூட்டணி வென்றது. பட்டம் தாணுப்பிள்ளை முதலமைச்சரானார். அங்கி வென்றது. கதை இத்துடன் முடிந்திருந்தால், வடக்கனும் கிரிவெல்லாவும் ஒரே வார்ப்பு என்று சொல்லி நாம் எழுதுகோலைக் கீழே வைத்துவிடலாம். ஆனால் வரலாறு மேலும் நடந்தது.

இடுக்கியில் மாபெரும் அணை எழுப்பத் திட்டம். நீர் தேங்க வேண்டிய அய்யப்பன்கோவில் பகுதியில் உழவர்கள் குடியிருந்தனர். உணவுப் பஞ்சம் வாட்டிய 1940களில், காட்டைத் திருத்திப் பயிரிடுக என்று அரசு ஊக்கியதால் மலை ஏறியவர்கள் பலர். மலேரியாவோடும் காட்டு யானையோடும் போராடி மண்ணைப் பொன்னாக்கியவர்கள். அவர்களில் பெரும்பாலோர் கிறித்தவர். விமோசன சமரத்தின்போது ஆலய மணி கேட்டு வீதிக்கு வந்த மக்களின் உறவினர். 1961இல் தாணுப்பிள்ளை அரசு அவர்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களைக் குடிசையை விட்டு விரட்டிக் குமுளிக்கு அருகே அமராவதியில் கொண்டுபோய் இறக்கியது. மழைக்காலம். கூரையில்லை, உணவில்லை. குழந்தைகள் ஈரமண்ணில் கிடந்தன.

அணையின் பயனை அறியாதவர்கள் அல்லர் நாம். பிளவக்கல் அணைகள் நிரம்பினால்தான் வத்திராயிருப்பு வட்டார வயல்கள் சிரிக்கும். ஆனால் அணை வேண்டும் என்பது ஒன்று. அணைக்காக வெளியேறுபவனை மனிதனாக நடத்த வேண்டும் என்பது மற்றொன்று. முன்னதைச் சொல்லிப் பின்னதை மறைப்பது ஆட்சியாளரின் பழைய வித்தை.

அமராவதிக்கு ஓடிவந்து ஜூன் மாதத்தில் உண்ணாவிரதம் தொடங்கியவர் யார்? பொதுவுடைமைத் தலைவர் ஏ. கே. கோபாலன்! எந்தக் கட்சியைச் சாத்தானின் கட்சி என்று பீடத்திலிருந்து பழித்தார்களோ, அந்தக் கட்சியின் தலைவர் கிறித்தவ உழவனுக்காகப் பட்டினி கிடந்தார். கிறித்தவர் கொண்டுவந்த ஆட்சியோ அவனை மழையில் நிறுத்தியது. இந்தக் காட்சி வடக்கனை உலுக்கியது. கோபாலனின் போராட்டத்துக்கு ஆதரவாக அவர் வந்தார்; ஒரே மேடையில் நின்றார். இரண்டு ஆண்டுக்கு முன் எதிரெதிர்ப் பாசறையில் இருந்த இருவரையும் இணைத்தது எந்த வேதமும் அன்று. வெளியேற்றப்பட்ட உழவனின் கண்ணீர்.

பின்னர் வடக்கன் மலைநாட்டு உழவர்களைத் திரட்டினார். பி. வெல்லிங்டனோடு சேர்ந்து கர்ஷகத் தொழிலாளி கட்சியைக் கண்டார். 1967இல் நம்பூதிரிபாட் தலைமையில் ஏழு கட்சிக் கூட்டணி உருவானபோது, வடக்கனின் கட்சி அவற்றுள் ஒன்று! இரண்டு இடங்களில் வென்றது. வெல்லிங்டன் மக்கள் நல்வாழ்வு அமைச்சரானார். எந்த முதலமைச்சரை வீழ்த்தப் புறப்பட்டாரோ, அதே முதலமைச்சரின் ஆட்சிக்கு வடக்கன் தோள் கொடுத்தார். தம் வரலாற்றுக்குப் ‘பாய்ச்சலும் இளைப்பும்’ என்று பொருள்படும் தலைப்பை அவர் இட்டதில் வியப்பில்லை.

இனி நம் கேள்விக்கு வருவோம். பள்ளி நிர்வாகியின் உரிமைக்காக வடக்கன் முழங்கியபோது, குருவுக்கு அரசியல் எதற்கு என்று மேலிடம் கேட்டதா? இல்லை, வாழ்த்தியது. அதே குரல் வீடிழந்த உழவனுக்காகப் பொதுவுடைமையரோடு சேர்ந்து ஒலித்தபோது, சினந்தது, கண்டித்தது. குரல் மாறவில்லை, நாவன்மை குறையவில்லை, அங்கியும் அதேதான். மாறியது ஒன்றே: யாருக்காகப் பேசினார் என்பது. அங்கி, குருவின் சொந்த உடைமை அன்று. அது நிறுவனம் தந்த இரவல். நிறுவனத்துக்கு உதவும்வரை அது தோளில் கிடக்கும். உதவாதபோது அது சுமையாகும்.

அமெரிக்க நாட்டிலும் இதையே காண்கிறோம். இராபர்ட் டிரினன் என்ற ஏசு சபைக் குரு, வியட்நாம் போரை எதிர்த்து நாடாளுமன்றம் சென்றவர். 1980இல் ரோமாபுரி ஆணையிட்டதால் அடுத்த தேர்தலில் நிற்காமல் விலகினார். கிரிவெல்லாவுக்கு அந்தத் தொல்லை இல்லை; அவர் சபையே அவரை மேடைக்கு அனுப்பி வைத்த சபை!

குருவும் குடிமகன்தானே, அவருக்கு அரசியல் உரிமை இல்லையா என்பர் சிலர். உண்டு, மறுப்பார் யார்? குடிமகனாக வரட்டும், மனிதனாகப் பேசட்டும், காரணம் காட்டி வாக்குக் கேட்கட்டும். ஆண்டவன் சினம் கொள்வான் என்று வாக்காளனை அச்சுறுத்துவது முறைகேடு என்று 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டமே கூறுகிறது. சட்டம் எழுதியவர்கள் அங்கியின் எடையை அறிந்தே எழுதினர்.

நம் இளைஞர்களுக்கு இங்கே ஒரு சோதனை உண்டு. அங்கி அணிந்தவர் நம்மை எதிர்க்கும்போது, அங்கிக்கு அரசியல் ஆகாது என்று முழங்குவது எளிது. அதே அங்கி நம் பக்கம் வந்து நின்றால்? “பார், குருவே சொல்லிவிட்டார்!” என்று சுவரொட்டி அடிக்கத் தோன்றும். அந்த நொடியில் நாமும் மக்களின் பகுத்தறிவைப் புறந்தள்ளி, அவர்கள் தலைதாழ்த்தும் பழக்கத்தையே பயன்படுத்திக்கொள்கிறோம். இன்று நமக்காகத் தாழ்ந்த தலை நாளை வேறொருவருக்காகத் தாழும். 1959இல் ஆட்சியைக் கவிழ்த்த அதே பழக்கம்தான், 1967இல் ஆட்சிக்கு இரண்டு இடங்களும் தந்தது என்றால், அதில் நாம் பெருமை கொள்ள என்ன இருக்கிறது?

அமராவதியில் உழவனுக்காக நின்ற வடக்கன் என்ற மனிதரைப் பாராட்டுவோம். 2002இல் மறைந்த அவருக்கு அந்தப் பெருமை என்றும் உரியது. ஆனால் அவர் சொன்னது சரி என்பதற்குக் காரணம், சொன்னவர் குரு என்பதன்று. மழையில் குழந்தைகளைக் கிடத்துவது அநீதி என்பதே. அந்த அநீதியை உணர அங்கி தேவையில்லை. கண் போதும், நெஞ்சு போதும்.

மக்களிடம் செல்வோம். குரு சொன்னார் என்று வாக்களிப்பவனிடமும், தலைவர் சொன்னார் என்று வாக்களிப்பவனிடமும் ஒரே கேள்வியைக் கேட்கக் கற்பிப்போம்: “என்ன சொன்னார்? ஏன் சொன்னார்? அதனால் வாழ்பவன் யார், வாடுபவன் யார்?” இந்தக் கேள்வி ஊர்தோறும் எழும் நாளில், பீடத்திலிருந்து மேடைக்கு எவர் வந்தாலும், அவரும் நம்மைப்போல் தரையில் நின்றே பேச வேண்டியிருக்கும்.