ஹீத்ரோ... ஏர்போர்ட் ஆகுறதுக்கு முன்னாடி அது ஒரு கிராமம்!

லண்டனுக்கு ஃப்ளைட் டிக்கெட் போட்டால், பெரும்பாலும் இறங்குற இடம் ஹீத்ரோ. அந்தப் பெயர் ஏர்போர்ட்டுக்காக யோசிச்சு வெச்சதில்லை. புதர்க்காட்டை ஒட்டி வரிசையாக வீடுகள் இருந்ததால், அந்த ஊருக்கு 'ஹீத் ரோ' என்று பெயர் வந்தது.

லண்டனுக்கு மேற்கே இருந்த குட்டி ஊர் அது. நல்ல வளமான மண். காய்கறித் தோட்டம், பழத்தோட்டம்தான் பிழைப்பு. விளைஞ்சதெல்லாம் லண்டன் சந்தைக்குப் போகும். 1784-ல் வில்லியம் ராய் என்ற ராணுவ அதிகாரி, இங்கிருந்து ஹாம்ப்டன் வரை 5 மைலுக்கும் மேல் ஒரு நேர்க்கோட்டை அளந்தார். பிரிட்டனின் துல்லியமான நில அளவைக்கு அதுதான் தொடக்கம். அந்தக் கோட்டின் முனையைக் காட்ட நட்டுவெச்ச பீரங்கி, ஏர்போர்ட்டின் வடக்கு ஓரச் சாலையில் இன்னமும் நிற்கிறது.

1930-ல் ஃபேரி என்ற விமான கம்பெனி, பக்கத்திலேயே ஒரு புல் ஓடுதளம் போட்டது. அதுவரை பிரச்னை இல்லை. 1944-ல்தான் இடி விழுந்தது. போர்க்கால அவசரச் சட்டத்தைக் காட்டி அரசாங்கம் மொத்த ஊரையும் எடுத்துக்கொண்டது. வீடு, தோட்டம், பண்ணை எல்லாம் தரைமட்டம். 'ஜப்பானோடு நடக்கும் போருக்கு விமானப்படைத் தளம் வேணும்' என்பதுதான் சொல்லப்பட்ட காரணம். ஆனால், அப்போது விமானத்துறை இணையமைச்சராக இருந்த ஹரால்ட் பால்ஃபோர், 1973-ல் வெளியான சுயசரிதையில் உண்மையை உடைத்தார். ஆரம்பத்திலிருந்தே திட்டம் பயணிகள் விமான நிலையம்தானாம்! சாதாரண நடைமுறையில் போனால் பொது விசாரணை, எதிர்ப்பு என்று இழுக்கும் இல்லையா... அதைத் தாண்டத்தான் போர்க் காரணம். 1946-ல் விமான நிலையம் திறந்தாச்சு. முதலில் வந்த பயணிகள் காத்திருந்தது கூடாரத்தில்.

கதை அதோடு முடியலை. பக்கத்து ஊர்களான சிப்சன், ஹார்லிங்டனையும் இடிக்க ஒரு திட்டம் வந்து, 1952-ல் கைவிடப்பட்டது. 2009-ல் மூன்றாவது ஓடுதளத்துக்கு அரசு ஓகே சொன்னபோது, மறுபடியும் சிப்சன். அடுத்த வருஷமே ஆட்சி மாறி, திட்டம் ரத்து. 2018-ல் நாடாளுமன்றம் ஒப்புதல் கொடுத்தது வேறொரு வரைபடத்துக்கு. அதில் சிக்குவது லாங்ஃபோர்டும், ஹார்மண்ட்ஸ்வொர்த்தின் பெரும்பகுதியும். போவது 700-க்கும் மேற்பட்ட வீடுகள். கோர்ட்டுக்குப் போய், நின்று, திரும்ப உயிர் வந்து, 2025-லும் அரசு அதை ஆதரிக்கிறது.

இதுவரை புது ஓடுதளத்துக்கு ஒரு கல்கூட வைக்கலை. ஆனாலும் சிப்சன் மாறிப்போச்சு. பல வீடுகளை ஏர்போர்ட் நிர்வாகமே வாங்கி வாடகைக்கு விட, தலைமுறையாக இருந்தவங்க கிளம்பிட்டாங்க. வாடகைக்கு வந்தவங்களும் நிரந்தரமாகத் தங்குறதில்லை. இடிச்சிருந்தால் ஒரே வலி. இது தவணை முறையில் வர்ற வலி என்றுதான் தோணுது.

ஹார்மண்ட்ஸ்வொர்த்தில் 1426-ல் கட்டிய ஓக் மரத் தானியக் களஞ்சியம் ஒன்று இருக்கு. நீளம் கிட்டத்தட்ட 60 மீட்டர். புது வரைபடத்தில் அது தப்பிக்கிறது, ஓடுதள எல்லைக்கு மிக அருகில். லண்டன் போனால் பாருங்க: ஏப்ரல் முதல் அக்டோபர் வரை சில ஞாயிறுகளில் திறப்பாங்க, கட்டணம் இல்லை.