நிலவறையில் ஒரு குக்கர்

அமெரிக்கா வந்த புதுசுல பாஸ்டன் பக்கத்துல ஒரு பழைய வீட்டு மாடியில் குடியிருந்தோம். முதல் குளிர் ராத்திரி, ரெண்டு மணி இருக்கும், யாரோ குழாயைச் சுத்தியலால் அடிக்கிற மாதிரி டங் டங்னு சத்தம். தங்கமணி என்னை உலுக்கி, "திருடனா இருக்கப் போவுது, போய்ப் பாருங்க"ன்னாங்க. (இந்த மாதிரி வேலைக்கெல்லாம் நாமதான் முன்னாடி போகணும்.) பார்த்தா, ஜன்னலுக்குக் கீழே இருந்த இரும்பு ரேடியேட்டர்!

மறுநாள் வீட்டுக்காரத் தாத்தா நிலவறைக்குக் கூட்டிட்டுப் போய் ஸ்டீம் பாய்லரைக் காட்டினார். நீராவியை மேலே அனுப்ப பம்ப் கிடையாது. அதுவா ஏறி, ரேடியேட்டரில் குளிர்ந்து தண்ணியாகி, வந்த குழாய் வழியாவே திரும்பிடும். அதுக்கு ரேடியேட்டர் லேசா வால்வு பக்கம் சாஞ்சிருக்கணும். சாய்மானம் போச்சுன்னா தண்ணி தேங்கும். வேகமா வர்ற நீராவி அதை அள்ளிக்கிட்டுப் போய் மோதும். அதான் டங் டங். எதிர்ப்பக்கக் கால்களுக்கு அடியில் ரெண்டு மரத்துண்டு செருகினார். சத்தம் நின்னுபோச்சு.

அப்புறம்தான் இதோட கதையைத் தேடிப் படிக்க ஆரம்பிச்சேன். பிரெஞ்சுக்காரர் டெனிஸ் பாப்பின் 1679-ல் எலும்பு வேகவைக்க ஒரு மூடிய பாத்திரம் செய்தார். அது வெடிக்காம இருக்க எடை தொங்கவிட்ட ஒரு வால்வையும் கண்டுபிடிச்சார். நம்ம பிரஷர் குக்கருக்கும் நிலவறை பாய்லருக்கும் அவர்தான் பாட்டன். குக்கர் வெயிட் தூக்குறது சுமார் 15 பவுண்டு அழுத்தத்தில். வீட்டு பாய்லரின் பாதுகாப்பு வால்வு திறப்பதும் அதே 15-ல்தான். ஆனா வீட்டைச் சூடாக்க ஒண்ணு, ரெண்டு பவுண்டே போதும். குறைந்த அழுத்த நீராவியால் வீட்டைச் சூடாக்க கனெக்டிகட்டைச் சேர்ந்த ஸ்டீபன் கோல்ட் 1854-ல் காப்புரிமை வாங்கினார். அவருடைய ரேடியேட்டருக்கு 'மெத்தை'ன்னு பேர், பார்க்க அப்படித்தான் இருக்குமாம்.

அந்தக் காலத்தில் பாய்லர்னாலே மக்களுக்கு நடுக்கம். 1865 ஏப்ரல் 27 அன்று மிசிசிப்பி ஆற்றில் சுல்தானா கப்பலின் பாய்லர்கள் வெடித்து ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். மறு வருஷம் ஹார்ட்ஃபோர்ட் நகரில் பாய்லர்களைச் சோதித்து இன்ஷூரன்ஸ் தருவதற்கென்றே ஒரு கம்பெனி கிளம்பியது.

என்னை உலுக்கியது பிராக்டன். நாங்க இருந்த இடத்திலிருந்து காரில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. 1905 மார்ச் 20, திங்கட்கிழமை காலை, குரோவர் ஷூ தொழிற்சாலை. புது பாய்லரை நிறுத்திட்டு பழைய பாய்லரை ஓட்டியிருக்காங்க. தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்த மூட்டில் கண்ணுக்குத் தெரியாத விரிசல். பாய்லர் கூரையைப் பிய்த்துக்கொண்டு பறந்தது. நாலு மாடி மரக்கட்டடம் சரிந்து தீப்பிடித்தது. 58 பேர் இறந்தார்கள். பலருக்கு அடையாளமே தெரியலை, ஒரே இடத்தில் புதைத்தார்கள். 1907-ல் மாசசூசெட்ஸ் பாய்லருக்குச் சட்டம் போட்டது. ஒவ்வொரு மாகாணமும் ஒரு விதி வச்சா சரிப்படாதுன்னு மெக்கானிக்கல் இன்ஜினீயர்கள் சங்கம் பொது விதிகள் எழுதி 1915-ல் வெளியிட்டது. மொத்தம் 114 பக்கம். அத்தனை பேர் செத்த பிறகு 114 பக்கம்!

வீட்டு பாய்லருக்கு முக்கிய எதிரி அழுத்தம் இல்லீங்க, தண்ணி வத்துறதுதான். அடிக்குழாய் ஓட்டையானா பாய்லர் தண்ணி முழுக்க அது வழியா ஓடிடும். அதைத் தடுக்க குழாயை ஒரு வளையமா மேலே ஏற்றி இணைக்கிற முறையை அதே ஹார்ட்ஃபோர்ட் கம்பெனி 1919-ல் பரப்பியது. எங்க பாய்லரிலும் அந்த வளையம் இருந்துச்சு. அதுக்கும் மேலே, தண்ணி குறைஞ்சா நெருப்பை அணைக்க மிதவை வச்ச ஒரு சாதனம். அதில் சேறு அடையாம இருக்க வாரம் ஒரு தடவை ஒரு வாளித் தண்ணி திறந்துவிடணும். தாத்தா ஞாயிறுதோறும் செஞ்சுட்டு, அங்கே தொங்குற அட்டையில் பென்சிலால் தேதி எழுதுவார்.

ஒரு ஜனவரியில் அவர் மகள் வீட்டுக்குப் போனார். பொறுப்பு என்கிட்ட. நாலாவது வாரம் பாய்லரிலிருந்து கருகின வாடை. ஓடிப் பார்த்தா கண்ணாடிக் குழாயில் தண்ணியே இல்லை, நெருப்பு எரியுது. கை தானா தண்ணிக் குழாய்க்குப் போச்சு. தொட்டிருந்தா? காய்ஞ்ச சூட்டு இரும்பில் பச்சைத் தண்ணி பட்டா வார்ப்பிரும்பு விரியும். தண்ணி ஆவியானா ஆயிரத்து அறுநூறு மடங்கு பெருகும். படிக்கட்டுத் தலைப்பில் இருந்த சிவப்பு ஸ்விட்சை அணைச்சுட்டு தாத்தாவுக்கு போன் பண்ணேன். "தொடாதே. ஆறட்டும்"னார். அன்னிக்கு ராத்திரி பையனை நடுவில் போட்டு நாலு ரஜாய்க்குள்ள கிடந்தோம்.

காலையில் வந்த மெக்கானிக் மிதவையைக் கழட்டிக் காட்டினார். சேறு இறுகி, ஆடவே இல்லை. "கடைசியா எப்போ திறந்துவிட்டீங்க?"ன்னு கேட்டுட்டு அட்டையைப் பார்த்தார். தாத்தாவின் கையெழுத்துக்குக் கீழே மூணு ஞாயித்துக்கிழமை காலியா இருந்துச்சு.