மறதியை அளந்த அளவுகோல்

அமெரிக்காவில் கறுப்பின முதியோருக்கு டிமென்ஷியா எனும் மறதிநோய் ஏற்படும் வாய்ப்பு, வெள்ளையின முதியோரைக் காட்டிலும் ஏறத்தாழ இரு மடங்கு என மதிப்பிடப்படுகிறது. ஆயினும் அவர்களுக்கு அந்நோய் கண்டறியப்படுவது பெரும்பாலும் காலந்தாழ்ந்தே. இம்முரணுக்குக் காரணங்கள் பல. அவற்றுள் அதிகம் பேசப்படாத ஒன்று, நோயை அளக்கும் அளவுகோலின் வரலாறு.

நினைவாற்றல் தேர்வில் ஒருவர் பெறும் மதிப்பெண் தனித்து நின்று எதையும் உணர்த்துவதில்லை. அவரை ஒத்த, நலமுடன் உள்ளோரின் சராசரியோடு ஒப்பிட்ட பின்னரே அது பொருள் பெறுகிறது. அங்ஙனம் ஒப்பிடுவதற்கு வயது, பாலினம், கல்வி பயின்ற ஆண்டுகள் ஆகியவற்றோடு இனத்தையும் நரம்பு உளவியலாளர்கள் சேர்த்துக்கொண்டனர். அவர்களது நோக்கம் தீயதன்று. பழைய அளவுகள், நலமாக இருந்த கறுப்பின முதியோர் பலரை நோயாளிகள் எனத் தவறாகக் காட்டின. அப்பிழையைத் தடுக்கவே கறுப்பினத்தவருக்குத் தாழ்ந்த சராசரி ஒன்று தனியே வகுக்கப்பட்டது.

அந்தச் சராசரி ஏன் தாழ்ந்திருந்தது என்பதே வரலாற்று மாணவர் எழுப்ப வேண்டிய வினா. அரசுப் பள்ளிகளில் இனப் பிரிவினை அரசியலமைப்புக்கு முரணானது என அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 1954இல்தான். அதுவரை தென் மாநிலங்களில் கறுப்பினக் குழந்தைகளின் பள்ளிகள் மிகக் குறைந்த நிதியில் இயங்கின. பல இடங்களில் அவர்களுக்குப் பள்ளி நாள்களும் குறைவு. எனவே, ஏட்டில் இருவரும் எட்டாண்டு படித்தவர்களாக இருப்பினும், அவர்கள் பெற்ற கல்வி ஒன்றல்ல. ஜெனிஃபர் மேன்லியும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2002இல் வெளியிட்ட ஆய்வு இதனைத் தெளிவாக்கியது. வாசிப்புத் திறனையும் கணக்கில் கொண்டபோது, இரு இனத்தாரின் மதிப்பெண்களுக்கிடையே இருந்த வேறுபாடு பெரிதும் குறைந்தது.

இனவாரித் திருத்தத்தின் மறுபக்கம், மருத்துவமனைக்கு வெளியே இழப்பீட்டு விவகாரம் ஒன்றில் வெளிப்பட்டது. தலைக்காயங்களால் பாதிக்கப்பட்ட ஓய்வுபெற்ற அமெரிக்கக் கால்பந்து வீரர்களுக்கு இழப்பீடு வழங்க, தேசியக் கால்பந்து லீக் உடன்பாடு செய்திருந்தது. மறதிநோய்க்கான மதிப்பீட்டில் இதே இனவாரி அளவுகள் பயன்பட்டன. கறுப்பின வீரரின் தொடக்க அறிவாற்றலே தாழ்ந்தது எனக் கொண்டதால், அவருடைய இழப்பு கணக்கில் சிறுத்தது. ஒரே மதிப்பெண் பெற்ற இருவருள் வெள்ளையினத்தவர் இழப்பீட்டுக்குத் தகுதி பெற, கறுப்பினத்தவர் தகுதியற்றவராக நேரிட்டது. கெவின் ஹென்றி, நாஜே டேவன்போர்ட் என்னும் இரு முன்னாள் வீரர்கள் 2020இல் வழக்குத் தொடுத்தனர். 2021இல் அம்முறையைக் கைவிட லீக் இசைந்தது. திருத்திய முறைக்கு 2022இல் நீதிமன்றம் ஒப்புதல் அளித்தது.

எனினும் இனத்தை நீக்கியதோடு சிக்கல் தீர்ந்துவிடுவதில்லை. வேறெதுவும் செய்யாது அதை மட்டும் நீக்கினால், நலமாயிருப்போரை நோயாளிகளாகக் காட்டும் பழைய பிழை மீளும். இனம் என்ற சொல் எவற்றுக்குப் பதிலியாக நின்றதோ, அந்தக் கல்வியின் தரத்தையும் வாழ்நிலையையும் நேராக அளப்பதே வழி. புள்ளிவிவர அட்டவணையில் சாதி, இனம், மொழி என ஒரு மாறியைச் சேர்க்கும் ஒவ்வோர் ஆய்வு மாணவரும், அது எந்த வரலாற்றின் சுருக்கம் என்பதை முதலில் எழுதிப் பார்க்க வேண்டும்.